கணினிப் பரீட்சைக்கு எடுத்த மடிப்பிச்சை

என் மகள் கௌசி பரீட்சை மண்டபத்திலிருந்து பாதியில் எழுந்து வந்தாள். வந்த பிறகு அவளுக்கு உயிரோடு இருக்க விருப்பமில்லை. நயினைக் கோயில் அம்மாளின் அடியார்களோடு நான் பகிர்ந்துகொள்ள வந்த விடயம் இதுதான். மற்றவர்கள் எழுதும்போது ஊர், குலம், கோயில் எல்லாம் சொல்லி முடித்துத்தான் துன்பத்துக்கு வருவார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஆனாலும் ஆளைத் தெரியாமல் சாட்சியை ஏற்கக்கூடாது. ஆகவே சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், வேலணையில் இருப்பவள். கணவர் காலமாகி நெடுங்காலம். ஓய்வுபெறும்வரை கல்வி அலுவலகத்தில் பரீட்சைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். தீவுப்பகுதியில் நடந்த பொதுப் பரீட்சைகள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் நடந்தன. முத்திரையிட்ட பொதியை யார் முன்னிலையில் வெட்டவேண்டும், நெடுந்தீவுக்குப் படகு ஓடாவிட்டால் விடைத்தாளை எங்கே வைத்துப் பூட்டவேண்டும், மேற்பார்வையாளருக்கு வயிற்றைக் கலக்கினால் யார் அவருடைய கதிரையில் இருக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் சுற்றறிக்கை உண்டு. எல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மாளிடம் அதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. திருவிழாவுக்குப் போவேன், அர்ச்சனை செய்வேன், வருவேன். எதை யாரிடம் கேட்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் அம்மாள் இருக்கவில்லை.

கௌசி ஒரே பிள்ளை. புள்ளிவிபரவியலில் முதலாம் வகுப்பில் சித்தியடைந்தவள். மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். அவர்கள் ஒரு நுழைவுப் பரீட்சைப் புள்ளி கேட்டார்கள். அந்தப் பரீட்சையைக் கொழும்பில், கணினிக்கு முன்னால் இருந்து எழுதவேண்டும்.

அது எப்படிப்பட்ட பரீட்சை என்று சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. அங்கே எல்லோருக்கும் பொதுவான கேள்வித்தாள் கிடையாது. திரையில் ஒரு கேள்வி வரும். சரியாகச் சொன்னால் அடுத்தது அதைவிடக் கடினமாக வரும். பிழையாகச் சொன்னால் இலகுவானது வரும். தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக முடியாது. முடித்த கேள்விக்குத் திரும்ப முடியாது. ஆளின் அளவைக் கண்டுபிடிக்கும்வரை கணினி இப்படியே ஏற்றி இறக்கிப் பார்க்கும். இதை வகுத்தவருக்குப் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் வேறு விதமாக வளர்க்கப்பட்டவர்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நாளிலிருந்து நாங்கள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: முதலில் தாள் முழுவதையும் வாசி, தெரிந்ததைச் செய், தெரியாததைச் சுற்றிவிட்டுப் பிறகு வா. மணியடித்ததும் வெளியே ஓடிவந்து மரத்தடியில் நின்று மற்றப் பிள்ளைகளோடு விடையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 'பேப்பர் கஸ்டம்' என்று எல்லோரும் சொன்னால் நெஞ்சு ஆறிவிடும். கௌசி கணினிப் பரீட்சையின் முறையை வாசித்து, மாதக்கணக்கில் பயிற்சியும் செய்திருந்தாள். ஆனால் அறைக்குள் இருந்தபோது, வாழ்க்கை முழுவதும் பழகிய பழக்கம்தான் அவளோடு இருந்தது.

போன ஆனி மாதம், சோளகக் காற்று அடிக்கும் காலம், நானும் அவளும் கொழும்புக்குப் போனோம். சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். கடவுச்சீட்டைப் பார்த்தார்கள். கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார்கள். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்தது, மனதுக்குள் பாராட்டினேன். அவளை உள்ளே விட்டுவிட்டுக் கீழ்மாடியில் கதிரையில் இருந்தேன்.

நேரம் முடிவதற்கு வெகு முன்னரே அவள் படியிறங்கி வந்தாள். எனக்கு வாயில் வந்த முதல் சொல்லைக் கேளுங்கள்.

"இன்னும் நேரம் இருக்கே பிள்ளை?"

"ஓம்," என்றாள். "எழும்பி வந்திட்டன்."

கேள்விகள் கடினமாகிக்கொண்டே போயிருக்கின்றன. அவள் அதுவரை எழுதிய எந்தக் கேள்வித்தாளும் ஏதாவது ஓர் இடத்தில் இலகுவாகிவிடும். இது ஆகவில்லை. பக்கத்தில் கேட்க யாரும் இல்லை. தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். முடித்துக்கொள்ளும் பொத்தானை அழுத்தினாள். 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. நிச்சயமாக என்று அழுத்தினாள். புள்ளி எதுவும் இல்லாமல் பரீட்சை அழிந்துபோனது.

"கேள்வி கஸ்டமா வந்தா நல்லாச் செய்யிறாய் எண்டுதானே அர்த்தம்? நீயே எனக்குச் சொன்னனியே!"

"தெரியும் அம்மா. ஆனா அங்க இருக்கேக்க அப்பிடித் தெரியேல்லை. உனக்கு இஞ்ச இடமில்லை, இடமில்லை எண்டு ஆரோ சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது."

பஸ்ஸில் வழி முழுவதும் யன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் அவள் படுத்தாள். முதலில் களைப்பு என்றேன். பிறகு கவலை என்றேன். சாப்பாட்டை விட்டாள். குளிக்கவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதங்களைத் திறக்கவில்லை. ஒரு நாள் குசினிக்குள் எழுந்து வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி, தானும் இரண்டு உரித்தாள். எனக்குச் சந்தோசம். அப்போது சொன்னாள்:

"நான் இல்லாட்டி நீங்கள் கொழும்பில மாமியோட போய் இருக்கலாம்தானே அம்மா. அங்க ஆஸ்பத்திரியும் கிட்ட."

அழவில்லை. கோபமில்லை. இடமாற்றத்துக்கு ஒழுங்கு செய்கிறவள்போலச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை போயிற்று.

எங்கள் தீவுகளில் வளவுக்கொரு கிணறு. 'தண்ணி அள்ளப் போய் வழுக்கி விழுந்தவள்' என்று சொல்லப்படும் பெண்பிள்ளைகளையும் நமக்குத் தெரியும். நான் தச்சனைக் கூப்பிட்டுக் கிணற்றுக்குப் பலகை மூடி போட்டுப் பூட்டினேன். கேட்டவர்களுக்கு டெங்கு நுளம்பு என்றேன். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, 'ஒவ்வொரு வீடும் இப்பிடி இருக்கோணும் மிஸ்' என்று பாராட்டிவிட்டுப் போனார். தோட்டத்துப் பூச்சிமருந்துப் போத்தல்களைத் தூரக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கத்தியை அரிசிப் பீப்பாவுக்குள் வைத்துவிட்டுத் தேங்காய் உடைக்கத் தேடித் திரிந்தேன்.

மருத்துவத்தையும் விடவில்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மனநலப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் பிள்ளை பொறுமையாகப் பார்த்தா. "மருந்தை ஒழுங்காக் குடுங்கோ. தனிய விடாதேங்கோ. கதைக்க விடுங்கோ" என்றா. முதல் இரண்டையும் செய்தேன். மூன்றாவதுக்கு வழியில்லை. அவள் கதைத்தால்தானே கதைக்க விடுவது?

நானும் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. 'விசர்', பைத்தியம் என்று ஒரு சொல்லை இந்த ஊர் ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு உரிக்க ஏலாது. கேட்டவர்களுக்குச் செங்கமாரி என்றேன். உடனே, மஞ்சள்காமாலைக்கு மருந்தென்று, வாசற் படலை முழுவதும் கீழ்க்காய்நெல்லிக் கட்டுகள் தொங்கத் தொடங்கின. ஆடுகளுக்குப் போட்டேன்.

புரட்டாதியில் ஒரு காலை, அவள் மருந்து மயக்கத்தில் படுத்திருந்தபோது, சாமி அறையில் அம்மாளின் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மாளே, எனக்கு எல்லா இடத்திலும் எப்படிக் கேட்கவேணும் எண்டு தெரியும். உன்னட்டக் கேக்கத் தெரியேல்லை. பிள்ளை உயிரோட இருக்கவேணும்" என்றேன். அவ்வளவுதான். விளக்கு நேராக எரிந்தது. பல்லி சொல்லவில்லை. பூ விழவில்லை. ஆனால் அங்கே நின்றபோது மடிப்பிச்சை எடுக்கவேண்டும் என்று தோன்றியது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் ஓர் உயிருக்கு ஆபத்து வந்தால் பெண்கள் வெறுங்காலோடு போய், சேலைத் தலைப்பை ஏந்தி, வீடு வீடாக ஒரு பிடி அரிசி வாங்கி, அதை அம்மாளின் அன்னதானத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அரிசி இருப்பவளும் எடுக்கவேண்டும். இன்ன வீடு வேண்டாம் என்று விலக்கக்கூடாது. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இன்னொரு வழக்கமும் உண்டு. போடுகிறவர் கையில் அரிசியோடு நின்று, 'என்ன நேத்தி?' என்று கேட்பார். சொல்லவேண்டும். பொய் சொல்லி வாங்கினால் நேர்த்திக்கடனில் சேராது.

நான் செங்கமாரி என்று சொல்ல உத்தேசித்திருந்தேன். அம்மாளுக்குப் பொய் சொல்வது கூடாது. ஆனால் அயலவருக்குச் சொன்னால் அது நிர்வாகம்.

பிள்ளையைத் தனியே விட ஏலாது. ஆகவே எங்கள் ஒழுங்கைக்குள் மட்டும், படலை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் எடுப்பதென்று முடிவுசெய்தேன். ஒரு வீட்டில் வாங்கியதும் ஓடிவந்து அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது. அப்படி ஒரு மடிப்பிச்சையை அம்மாளும் பார்த்திருக்கமாட்டா.

முதல் வீடு சிவக்கொழுந்து அண்ணையுடையது. நாட்டின் தெற்கில் கடை வைத்திருந்து திரும்பி வந்தவர். ஊரில் யாரையும் ஒரு நொட்டை சொல்லாமல் விடமாட்டார். விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் என் வெறுங்காலையும் சேலைத் தலைப்பையும் கண்டதும் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன மிஸ், பென்சனை நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

"நேத்தி அண்ணை. அக்காவைக் கூப்பிடுங்கோ."

அவருடைய மனைவி பிடி அரிசியோடு வந்து கையை என் தலைப்புக்கு மேலே நீட்டினா. விரல்களைத் திறக்காமல், "என்ன நேத்தி பிள்ளை?" என்றா.

செங்கமாரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மூடிய கையைப் பார்த்தேன்.

"கௌசி சாக நினைக்கிறாள் அக்கா," என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏதோ வேறொரு பெண்ணின் குரல்போல இருந்தது. அரிசி விழுந்தது. சிவக்கொழுந்து அண்ணை எழுந்து நின்றார். ஒரு நொட்டையும் வரவில்லை.

"உள்ள வாரும்," என்றார். "வந்து இரும். ஒரு தேத்தண்ணி குடியும்."

"இருக்க ஏலாது அண்ணை. பிள்ளை தனிய."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூச்சு விடுகிறாள். அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அதைத்தான் சொன்னேன். ஒருமுறை சொன்ன உண்மையை மாற்றினால் வாக்குமூலம் முரண்படும்.

ஒழுங்கையின் முடிவில் பூமணியக்கா வீடு. அந்த வீட்டை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விலக்கக்கூடாது. பூமணியக்காவின் மகள் பல வருடங்களுக்கு முன் கிணற்றில் இறந்தவள். தண்ணீர் அள்ளும்போது வழுக்கி விழுந்தாள் என்று மரண விசாரணையில் எழுதப்பட்டது. ஊர் ஒத்துக்கொண்டது. செத்தவீட்டுக்கு நானும் போனேன், வழுக்குகிற கிணற்றுக்கட்டைப் பற்றி நானும் கதைத்தேன்.

அக்கா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றா. கையைத் துடைத்துவிட்டு அரிசி எடுத்து வந்து, "என்ன நேத்தி தங்கச்சி?" என்றா.

சொன்னேன்.

அவ அந்தப் பிடியைப் போடவில்லை. திரும்ப உள்ளே போய்ச் சுளகு நிறைய அரிசியோடு வந்து முழுவதையும் என் தலைப்பில் கவிழ்த்தா.

"அக்கா, ஒரு பிடிதான் போடோணும்..."

"உன்ர சட்டத்தை வைச்சிரு. பிள்ளை இப்ப ஆரோட?"

"நித்திரை."

"தனியவோ? விசரி!" என்று கத்திவிட்டு, அவிழ்ந்த கொண்டையோடு என் வீட்டை நோக்கி நடந்தா. அரிசிப் பாரத்தோடு நான் பின்னால் ஓடினேன்.

அன்று பின்னேரம் ஒழுங்கை முழுவதும் என் வீட்டில். ஒருவர் மந்திரித்த நூல் கொண்டுவந்தார், ஒருவர் திருநீறு. ஒரு மாமி, வெளிநாட்டில் இருக்கும் தன் மருமகனும் சோதனைக்குப் பயந்தவன்தான் என்று தொடங்கி அவனுடைய கார் நிறம்வரை சொன்னா. பூமணியக்கா மட்டும் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் கட்டிலின் கால்மாட்டில் இருந்து, தன்னுடைய வெள்ளாடு எப்படிப் பக்கத்து வளவு முருங்கையைத் தின்றது என்று சொல்லிக்கொண்டிருந்தா. கௌசி சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும். எனக்கே வெறுத்துப்போனது. அம்மாளிடம் ஓர் உயிரைக் கேட்டால் ஒரு கூட்டத்தை அனுப்பியிருக்கிறாவே என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் விறாந்தையில் சிவக்கொழுந்து அண்ணை கேட்டார்: "அப்பிடி என்ன மிஸ் அந்தச் சோதினை? எங்கட ஆக்கள் செய்யாத சோதினையோ?"

நான் விளங்கப்படுத்தினேன். சரியாகச் செய்தால் கடினமாக வரும், பிழைத்தால் இலகுவாகும் என்று. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இது சைவ சித்தாந்தமெல்லோ! கடவுளும் உப்பிடித்தான். நல்லாச் செய்யிற ஆக்களுக்குத்தான் கஸ்டமான கேள்வி குடுப்பார். அதை உவள் பிள்ளைக்கு ஆரும் எடுத்துச் சொல்லேல்லையோ?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். அப்போது உள்ளேயிருந்து கௌசி வந்தாள். தலை வாரி எத்தனையோ நாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப பூமணி மாமி என்னத்தை நல்லாச் செய்தவ?" என்றாள். "அவவுக்கு ஏன் அந்தக் கேள்வி வந்தது? சொல்லுங்கோ பாப்பம்."

சிவக்கொழுந்து அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கௌசி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் வேற, ஊர் முழுக்கப் போய்ச் சொல்லி அரிசி வாங்கினியளோ அம்மா? வெக்கமா இல்லையோ? செங்கமாரியே பரவாயில்லை. இப்ப ஒரு மனிசர் நிம்மதியாப் படுக்கவும் ஏலாது!"

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு என் பிள்ளை என்னைப் பேசினாள். உரத்து, மூச்சு வாங்க, கண் சிவக்கப் பேசினாள். அடியார்களே, நான் அந்த ஏச்சை அர்ச்சனைபோலக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து பூமணியக்கா வந்து வாசற்படியில் இருந்தா.

"எனக்கு ஏன் வந்ததெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை," என்றா. "அவள் வழுக்கி விழேல்லை. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்."

ஊர் முழுவதும் கட்டிக்காத்த ஒன்றை அவ அப்படிச் சாதாரணமாக எடுத்துக் கீழே வைத்தா. பிறகு சொன்னா: "நானும் அவளுக்குப் பின்னால போவம் எண்டுதான் வெளிக்கிட்டனான். ஆடு கட்டின கட்டையில நிண்டு கத்தினது. அதுக்குத் தண்ணி வைச்சிட்டுப் போவம் எண்டு வைச்சன். பிறகு குழை ஒடிச்சுப் போட்டன். பிறகு பொழுதுபட்டிட்டுது. அப்பிடியே இருந்திட்டன். இதில ஒரு சித்தாந்தமும் இல்லை, கொழுந்தண்ணை."

"இல்லைத்தான் பூமணி," என்றார் அவர். அவருடைய குரல் மிகவும் சிறிதாக இருந்தது.

கௌசி போய் அவவுக்குப் பக்கத்தில் படியில் இருந்தாள்.

"அவ கடைசியா என்ன சொன்னவ மாமி?"

"ஒண்டும் சொல்லேல்லை. சொன்னவள் எண்டால் இண்டைக்கு அதையாவது வைச்சுக்கொண்டு இருந்திருப்பன்."

சனங்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள். கௌசி மெதுவாக, "நான் சொல்லட்டோ?" என்றாள். "எனக்கு என்ன மாதிரி இருக்கு எண்டு?"

"சொல்லு," என்றா பூமணியக்கா.

நான் குசினிக்குள் போய்விட்டேன். அங்கிருந்து சொற்கள் கேட்கவில்லை, குரல் கேட்டது. நின்று நின்று, அழுது அழுது, ஆனால் விடாமல் கேட்டது. அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றி, கேத்தல் கருகியது. நான் இறக்கவில்லை. என் பிரார்த்தனைக்கு வந்த பதில் படியில் இருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே அவள் எழுந்து தலைமுழுகி வேலைக்குப் போனாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மருந்தைத் தொடர்ந்தோம். நல்ல நாள் வந்தது, கெட்ட நாள் வந்தது. கெட்ட நாளில் பூமணியக்கா ஆட்டையும் கொண்டு வந்து எங்கள் வளவில் கட்டினா. டாக்டர் பிள்ளையிடம் கௌசி தானாகவே கதைக்கத் தொடங்கினாள். ஐப்பசியில் மழைக்கு முன் ஒரு நாள், மூவரும் குறிகாட்டுவான் துறையில் படகேறி, மடிப்பிச்சை அரிசியை அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கும்பிட்டுவிட்டு அன்னதானப் பந்தியில் இருந்தோம். பரிமாறியவர் கடந்துபோனபோது, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்றது யார் என்று திரும்பிப் பார்த்தேன். கௌசி. எனக்குக் கண் தெரியவில்லை. சாம்பாரில் உப்புக் கூட என்று சொல்லிச் சமாளித்தேன்.

பரீட்சையைத் திரும்ப எழுதுவதாக அவள்தான் சொன்னாள். வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். "எழும்பி வந்தது எனக்குத் தொண்டையில நிக்குது அம்மா. புள்ளி வராட்டியும் பரவாயில்லை. முடியும்வரை இருந்து பாக்கோணும்" என்றாள். டாக்டரிடம் கேட்டோம். சரி, ஆனால் தனியே போகவேண்டாம் என்றா.

தை மாதம் திரும்பக் கொழும்பு. இம்முறை பூமணியக்காவும் வந்தா, சோற்றுப் பார்சலோடு. நானும் அவவும் அதே கீழ்மாடியில் இருந்தோம். அவவுக்குச் சிங்களம் தெரியாது, காவலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரத்துக்கொருமுறை அவ எழுந்துபோய், மேலே விரலைக் காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, 'என்ர பிள்ளை இருக்கிறாளோ?' என்று கைச்சாடையில் கேட்டா. அவனும் சலிக்காமல் தலையாட்டினான். நான் கண்ணை மூடி அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல புள்ளி வரவேண்டும் என்று கேட்கத் துணியவில்லை. இருக்கவேண்டும், இருக்கவேண்டும் என்பதுதான் மந்திரம்.

நேரம் முழுவதும் முடிந்தபின்தான் அவள் இறங்கி வந்தாள். பூமணியக்கா பார்சலைப் பிரித்து அங்கேயே, கதிரை வரிசையில், ஒரு உருண்டையை அவளுடைய வாயில் திணித்தா.

பிறகு கௌசி நடந்ததைச் சொன்னாள். முதலில் எல்லாம் கடினமாக வந்தன. தாங்கிக்கொண்டாள். நடுவில் திடீரென்று ஒரு இலகுவான கேள்வி. சின்னப் பிள்ளையும் செய்யும். அதற்கடுத்ததும் அப்படியே. தான் பிழைவிட்டுவிட்டேன், கணினி தன்னைக் கீழே இறக்கிவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. கடினமாக வந்தாலும் பயம், இலகுவாக வந்தாலும் பயம். கை அந்தப் பொத்தானுக்குப் போயிற்று.

"பிறகு?"

"எழும்பினா கீழ பூமணி மாமி நிப்பா. அவவுக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. அதால இருந்தன்."

"நல்ல வேளை நான் ஒண்டுக்குப் போகாமல் இருந்தது," என்றா பூமணியக்கா.

புள்ளி, அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. முதலில் கேட்ட பல்கலைக்கழகத்துக்குப் போதாது. இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போதும். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தட்டில் வைத்துத் தந்த அற்புதம் என்று இதைச் சொல்லமாட்டேன். மருந்து வேலை செய்தது, அயல் வேலை செய்தது, பிள்ளையும் பாடுபட்டாள். அந்த மூன்றும் ஒரே வாசலில் கூடுவதற்கு, மூடிய கையோடு ஒருத்தி என் முன்னால் நிற்கவேண்டியிருந்தது. அந்தக் கையை அம்மாளுடையது என்றுதான் நம்புகிறேன்.

என் பிள்ளையைத் தந்தவள் பூமணியக்காவின் பிள்ளையை ஏன் தரவில்லை என்று யாரும் கேட்டால் என்னிடம் பதிலில்லை. சிவக்கொழுந்து அண்ணையிடமும் இல்லை. அவர் இப்போது சித்தாந்தத்தைக் குறைத்துக்கொண்டார். இதை எழுதவா என்று பூமணியக்காவிடம் கேட்டேன். "எழுது. என்ர பிள்ளை வழுக்கி விழேல்லை எண்டும் எழுது. உன்ர பிள்ளை இருக்கிறாள் எண்டும் எழுது" என்றா. எழுதிவிட்டேன்.

பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாட்களில் இப்போது நானும் அவவும் சில வீடுகளுக்கு அழைக்காமலே போகிறோம். புத்தி சொல்வதில்லை. போய் இருக்கிறோம். சில வீடுகளில் எங்களைக் கண்டதும் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். படலைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த நாளும் போகிறோம். நாய்க்குப் பழகிவிடும்.

ஆகவே அடியார்களே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அதைச் செங்கமாரி என்று சொல்லாதேயுங்கள். வைத்தியரிடம் போங்கள். அயலவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். அம்மாளிடம் சேலைத் தலைப்பை ஏந்துங்கள். எந்த முறைப்படி கேட்பது என்று யோசித்துக்கொண்டு நிற்காதேயுங்கள். நான் யோசித்தேன், அந்த நாட்களில் பிள்ளை இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்டாள். கேளுங்கள். தருவா.

கௌசி அடுத்த மாதம் புறப்படுகிறாள். படிப்பு முடிய வருவேன் என்கிறாள். போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எங்கள் தீவுகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தால் தெரியும். பிள்ளை இருக்கவேண்டும் என்றுதான் நான் கேட்டேன். எங்கே இருக்கவேண்டும் என்று குறிப்பிடவில்லை. என் சேவைக்காலத்தில் இப்படிப் பாதி எழுதிய விண்ணப்பம் வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மாள் ஏற்றுக்கொண்டா. திருத்தம் கேட்டு மனுப்போட எனக்கு உத்தேசம் இல்லை.